விலை போகாத குதிரை எங்கே போகும்? அந்தியூர்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஆடி பிறந்தால் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவும் அதையொட்டிய குதிரை, மாட்டுச் சந்தையும் செய்திக்கு வந்துவிடும். மார்வார், கத்தியவார், வெள்ளை நொக்ரா என்று குதிரைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் லட்சங்களில் விலை சொல்வார்கள். அதே ஆண்டில் வேறொரு செய்தியும் வரும்: கோவையிலும் ஊட்டியிலும் ரோட்டில் திரியும் குதிரைகள், இரவில் வண்டியில் அடிபட்ட குதிரை, குப்பைத் தொட்டியில் வாய் வைத்து நிற்கும் குதிரை.

இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. லட்சம் பெறும் பிராணியை யாராவது ரோட்டில் விடுவார்களா? வேண்டாம் என்றால் விற்றுவிடலாமே? வாங்க ஆளில்லை என்றால் கறிக்குத்தான் போகிறதா? அப்படிப் போனால் சட்டம் சும்மா இருக்குமா? வாட்ஸ்அப்பில் வரும் "குதிரைக்கறி பிரியாணி" உண்மையா? இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்குதான் இருக்கிறது. குதிரையின் விலை எதனால் ஏறுகிறது, இறங்கினால் எதுவரை இறங்கும் என்று பார்த்தால் மற்றவை புரிந்துவிடும்.

குதிரையின் விலை எதில் நிற்கிறது?

சந்தையில் விவரம் தெரிந்தவர் முதலில் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். முன்வரிசையில் மேலே ஆறு, கீழே ஆறு. இரண்டரை வயது வாக்கில் நடு ஜோடி விழுந்து முளைக்கும், மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் கடைசி ஜோடி. ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன்பின் பல்லின் மேற்பரப்பில் உள்ள குழி தேய்வதை வைத்து எட்டு, ஒன்பது வயது வரை ஓரளவு சொல்லலாம். அதைத் தாண்டினால் விற்பவர் சொல்வதுதான் வயது.

அடுத்து சுழி. நெற்றி, நெஞ்சு, முதுகு, விலா என்று மயிர் சுழித்திருக்கும் இடங்களைத் தடவிப் பார்ப்பார்கள். மாட்டுக்குப் பார்ப்பதைப் போலவே குதிரைக்கும் நல்ல சுழி, ஆகாத சுழி உண்டு. உடம்பில் ஒரு குறையும் இல்லாத குதிரை ஆகாத இடத்தில் ஒரு சுழி இருப்பதாலேயே விலை போகாமல் நிற்கும். ஓட்டத்துக்கும் உழைப்புக்கும் சுழிக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் சந்தைக்கு நிரூபணம் தேவையில்லை, அடுத்து வாங்குபவரும் அதை நம்பினால் போதும்.

மூன்றாவது நடை. இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. "ஏனுங்க, கொஞ்சம் தார் ரோட்டுல நடத்திக் காட்டுங்க" என்று கேட்டால் சிலர் பேச்சை மாற்றுவார்கள். மண்ணில் தெரியாத நொண்டல் கெட்டித் தரையில் தெரிந்துவிடும். முன்னங்காலில் வலி இருக்கும் குதிரை, அந்தக் கால் தரையைத் தொடும் கணத்தில் தலையை மேலே தூக்கும். காலையில் வலிமருந்து ஊசி போட்டிருந்தால் அதுவும் தெரியாது.

இத்தனையும் பார்த்துக் கொடுக்கும் பணம் எதற்கு? கொங்கு வட்டாரத்தில் இன்று குதிரை வாங்குபவர்களுக்கு நான்கு காரணங்கள்தான்.

1. பந்தயம். பொங்கலுக்கும் ஊர் நோம்பிக்கும் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களில் உயரம் அளந்து பிரித்து ஓட்டுவார்கள். ஜெயித்த குதிரைக்கு அன்றைக்கே விலை கூடும்.
2. ஊர்வலமும் சவாரியும். கல்யாண மாப்பிள்ளை அழைப்பு, கோயில் விழா, காதுகுத்து, சுற்றுலா இடங்களில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றுவது.
3. குட்டி. நல்ல இனப் பெட்டைக்கு நடை கெட்டாலும் கொஞ்சம் மதிப்பு மிஞ்சும்.
4. கௌரவம். பண்ணை வீட்டு வாசலில் ஒரு குதிரை நின்றால் பார்க்க நன்றாக இருக்கிறது. இதை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் மேல்மட்ட விலையைத் தூக்கிப் பிடிப்பதே இதுதான்.

உழவு, பாரம், ஜட்கா என்ற பழைய வேலைகள் இந்தப் பட்டியலில் இல்லை. ஆட்டோவும் மினி லாரியும் அவற்றை எப்போதோ எடுத்துக்கொண்டன. நாடு முழுவதும் இதே கதைதான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.2 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்தன. ஏழே ஆண்டில் பாதிக்கு அருகில் போய்விட்டது.

மேலே சொன்ன நான்கில் ஒன்றுக்கும் உதவாத நாள் ஒவ்வொரு குதிரைக்கும் வரும். பந்தயக் குதிரைக்கு ஒரு நரம்பு இழுத்தால் அன்றே வரும். ஊர்வலக் குதிரைக்குக் கண் மங்கினால் வரும்.

மாட்டுக்கு ஒரு தரை உண்டு

எந்தச் சரக்குக்கும் விலை விழுந்தால் எங்கேயோ ஒரு இடத்தில் நிற்க வேண்டும். பழைய இரும்பு எடைக்குப் போகிற மாதிரி, வேலைக்கு ஆகாத மாட்டுக்கும் ஒரு தரைவிலை இருக்கிறது. அதுதான் அடிமாட்டு விலை. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளாவுக்கு ஏறும் மாடுகளில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் போகிறவைதான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தரகர்கள் பேசும் விலையில், இந்த மாடு எத்தனை கிலோ தேறும் என்ற மதிப்பீடும் உள்ளே இருக்கிறது.

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதை நம் விவசாயக் குடும்பங்கள் விரும்புவதில்லை. "வித்தாச்சுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பணம்தான் அடுத்த கன்றுக்கு முன்பணம்.

இந்தத் தரை எவ்வளவு முக்கியம் என்பது 2017-இல் தெரிந்தது. அந்த ஆண்டு மே 23 அன்று மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை வெளியிட்டது. சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கவோ வாங்கவோ கூடாது என்பது அதன் சாரம். ஒரு வாரத்துக்குள், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. கறி தின்பவர்களின் உரிமை என்றே அன்று பெரும்பாலும் பேசப்பட்டது. ஆனால் சந்தைக்கு மாடு பிடித்து வந்தவரின் கவலை வேறு: கிழ மாட்டுக்கு விலை இல்லை என்றால் இளம் மாட்டை வாங்கவே யோசிப்பார்கள். கடைசி விலை ஆட்டம் கண்டால் முதல் விலையும் ஆட்டம் காணும்.

கவனிக்க வேண்டிய விஷயம், அறுப்புக்கு விற்கக் கூடாது என்ற அந்த விதி மாட்டினத்துக்கும் ஒட்டகத்துக்கும் மட்டும்தான். குதிரை அதில் இல்லை. இல்லாத தரையை யாரும் பெயர்க்க வேண்டியதில்லை அல்லவா.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மாட்டுக்கும் ஓரளவு அது பொருந்தும். குதிரை இருக்கும்வரை லட்சம் பெறலாம், செத்தால் பூஜ்யம். சரியாகச் சொன்னால் பூஜ்யத்துக்கும் கீழே, ஏனென்றால் குழி தோண்ட ஜேசிபிக்கு வாடகை கொடுக்க வேண்டும்.

தீனி என்கிற இன்னொரு பக்கம்

விலை இல்லாவிட்டாலும் சும்மா நிற்கட்டுமே என்றால் அதுவும் நடக்காது. குதிரை அசைபோடும் பிராணி இல்லை. மாடு நாலு அறை வயிற்றில் ஊறவைத்துச் செரிப்பதைக் குதிரை பெருங்குடலில் நொதிக்க வைத்துச் செரிக்கிறது. அதனால் காய்ந்த தட்டிலிருந்து மாடு எடுக்கும் சத்தைக் குதிரையால் எடுக்க முடியாது. அளவில் அதிகம் தின்றுதான் ஈடுகட்டும்.

பொதுவான கணக்கு, உடல் எடையில் ஒரு நாளைக்கு 2 சதவீதம் உலர் தீவனம். 250 கிலோ நாட்டுக்குதிரைக்கு 5 கிலோ, மாதத்துக்கு 150 கிலோ. அதோடு கொள்ளு, தவிடு, நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம். காங்கயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர், கொழுக்கட்டைப் புல் வளர்ந்திருக்கும் மாதங்களில் மேயவிட்டுச் சமாளிப்பார். கோவையில் பத்துக்குப் பத்து கொட்டகையில் ஊர்வலக் குதிரை கட்டியிருப்பவருக்கு எல்லாமே காசு.

குதிரை நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வயது தாண்டியும் இருக்கும். பந்தயத்தில் ஆறு வயதில் கால் போன குதிரைக்கு இன்னும் இருபது வருஷம் தீனி போட வேண்டியிருக்கலாம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்ற சொலவடை வைத்திருப்பவரின் வாயில் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

கறிக்கு ஏன் போவதில்லை?

மூன்று தடைகள் இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு வகை.

1. சட்டம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் கீழ் வந்த விதிகள் எந்தப் பிராணிகளின் இறைச்சியை உணவாக விற்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கின்றன. ஆடு, செம்மறி, பன்றி, மாட்டினம், வீட்டு முயல், கோழியினம், மீன் என்று போகும் அந்தப் பட்டியலில் குதிரையும் கழுதையும் கிடையாது. அதனால் உரிமம் பெற்ற அறுவைக்கூடத்தில் குதிரையை அறுத்து விற்க வழியே இல்லை. மாட்டுக்கு "வயது 10-க்கு மேல், வேலைக்கும் சினைக்கும் ஆகாது" என்று சான்று கொடுக்கும் முறையைத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958 வைத்திருக்கிறது. குதிரைக்கு அப்படி ஒரு சான்றும் இல்லை, அதைக் கேட்டு வருபவரும் இல்லை.

2. வழக்கம். சட்டத்தை மாற்றினாலும் இங்கே தின்ன ஆளில்லை. கருப்பனாருக்கும் அய்யனாருக்கும் மண்குதிரை செய்து நிறுத்தும் ஊரில் குதிரை சாமியின் வாகனம். ஆனால் மதத்தை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது. இஸ்லாமியச் சட்டத்தில் ஷாஃபி பிரிவு குதிரைக்கறியை அனுமதிக்கிறது, ஹனஃபி பிரிவு வெறுக்கத்தக்கது என்கிறது. இரண்டு பிரிவினரும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், இருவர் வீட்டிலும் குதிரைக்கறி சமைப்பதில்லை. ஐரோப்பாவில் 732-இல் போப் மூன்றாம் கிரிகோரி குதிரைக்கறியை விலக்கச் சொன்னார். பிரான்ஸ் 1866-இல் அதைச் சட்டப்படி விற்க அனுமதித்தது. கசக்கஸ்தானில் அது விருந்துச் சாப்பாடு, ஜப்பானில் பச்சையாகவே துண்டு போட்டுத் தின்பார்கள். அங்கே ஒரு வழக்கம், இங்கே ஒரு வழக்கம். உயர்வு தாழ்வு சொல்ல ஒன்றுமில்லை.

3. மருந்தும் நோயும். அதிகம் பேசப்படாதது இது, ஆனால் மூன்றில் கெட்டியானது. நொண்டும் குதிரைக்கு உலகம் முழுவதும் போடும் வலிமருந்து ஃபீனைல்பியூட்டசோன். மனிதர்களுக்கு ரத்த அணு உற்பத்தியையே நிறுத்திவிடும் ஆபத்து இருப்பதால், இந்த மருந்து ஒருமுறை போட்ட குதிரையை ஐரோப்பிய ஒன்றியம் ஆயுளுக்கும் உணவுச் சங்கிலியிலிருந்து விலக்குகிறது. அதைக் கண்காணிக்க ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. நம் ஊர்க் குதிரைக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று எந்த நோட்டிலும் இல்லை. அடுத்தது கிளாண்டர்ஸ். குதிரை, கழுதையிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய பாக்டீரியா நோய். 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டியது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உறுதிசெய்தால் அந்தக் குதிரையைக் கொன்று புதைத்தே ஆக வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் பிரியாணி வதந்திக்கும் பதில் கிடைக்கிறது. நாடு முழுவதும் குதிரை மூன்றரை லட்சத்துக்குள். எருமை கோடிக்கணக்கில். மலிவான கறியைக் கலந்து லாபம் பார்க்க நினைப்பவன், கிடைப்பதற்கே அரிதான, ஏற்றினால் ஊரே பார்க்கும் பிராணியைத் தேடிப் போகமாட்டான். எங்கேயும் நடந்ததே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆந்திராவில் கழுதைக்கறி விற்றது உண்மை. ஆனால் அது கலப்படமாக நடக்கவில்லை. உடம்புக்குப் பலம் என்று நம்பியவர்களுக்குக் கழுதை என்று சொல்லியே விற்றார்கள்.

அறுவைக்கூடத்தை மூடிய ஊரில் என்ன ஆனது?

தரைவிலை இருந்து, பிறகு போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா நல்ல பாடம். அங்கேயும் பெரும்பாலானோர் குதிரைக்கறி தின்பதில்லை. ஆனால் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் ஏற்றுமதி செய்ய அறுவைக்கூடங்கள் இருந்தன. ஏலத்தில் வேறு யாரும் கேட்காத குதிரையை எடைக்கு வாங்க ஒரு வியாபாரி காத்திருப்பார். 2006-இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் அறுக்கப்பட்டன. 2007-இல் டெக்சாஸில் இருந்த இரண்டும் இல்லினாயில் இருந்த ஒன்றும் மூடப்பட்டன. குதிரைப் பிரியர்கள் வெற்றி என்று கொண்டாடினார்கள்.

2011-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது. 2010-இல் மட்டும் சுமார் 1,38,000 குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அறுப்புக்குப் போயிருந்தன. அதாவது சாவு குறையவில்லை, பயணம் நீண்டது. மலிவுக் குதிரைகளின் விலை 8 முதல் 21 சதவீதம் வரை விழுந்தது. விலை உயர்ந்த குதிரைகளுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. கொலராடோ மாநிலத்தில் பட்டினி போட்டது, கைவிட்டது என்ற விசாரணைகள் 2005-இல் 975 ஆக இருந்தவை 2009-இல் 1,588 ஆயின. அதே காலத்தில் பொருளாதார வீழ்ச்சியும் வந்ததால் எல்லாப் பழியையும் மூடியதன்மேல் போட முடியாது என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

இதை எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா, அறுக்க விட வேண்டும்" என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. பாஸ்போர்ட்டும் மருந்துப் பதிவும் இருந்த ஐரோப்பாவிலேயே 2013-இல் மாட்டுக்கறி என்று விற்ற லசானியாவில் குதிரைக்கறி இருந்தது. பதிவே இல்லாத இங்கே அந்தக் கதவைத் திறந்தால் தின்பவருக்கும் ஆபத்து, குதிரைத் திருட்டுக்கும் வழி. ஆனால் எதிர்த்தரப்புக்கும் அமெரிக்கா ஒரு கேள்வி வைக்கிறது: கொல்லக் கூடாது என்று முடிவெடுத்தவர்கள், மீதி இருபது வருஷத் தீனிக்கு யார் பொறுப்பு என்று முடிவெடுத்தார்களா?

இங்கே கடைசியில் நடப்பது

கொங்கில் அந்த முடிவை யாரும் எடுக்கவில்லை. அதனால் குதிரை கை மாறிக்கொண்டே கீழே இறங்குகிறது. பந்தயக்காரரிடமிருந்து ஊர்வலக்காரரிடம், அவரிடமிருந்து சுற்றுலா இடத்தில் சவாரி விடுபவரிடம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை குறைகிறது, வாங்குபவரின் வசதியும் குறைகிறது. கடைசியாக வாங்குபவர் பெரும்பாலும் அன்றாடம் காய்ச்சி. குதிரைக்கு அதிகச் செலவு வரும் வயதில் அது குறைந்த வருமானம் உள்ளவரிடம் இருக்கிறது. மழைக்காலத்தில் சவாரி இல்லை என்றால் "மேஞ்சுட்டு வரட்டும்" என்று அவிழ்த்துவிடுவார். சீசன் வந்தால் பிடிப்பார், வராவிட்டால் விட்டதுதான். பாம்புக்கடி மருந்துக்கு ரத்தம் எடுக்கக் குதிரை வாங்கும் நிறுவனங்கள் மகாராஷ்டிரம், தெலங்கானா போன்ற மாநிலங்களில் உண்டு, ஆனால் அவர்களுக்கும் திடமான குதிரைதான் வேண்டும்.

சட்டம் என்ன செய்கிறது? மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆவது பிரிவு, பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு கட்டுச் சோளத்தட்டு இதைவிட அதிகம்.

திரியும் குதிரையை உள்ளாட்சி ஆட்கள் பிடித்தால் பட்டியில் அடைப்பார்கள். இதற்கு அடிப்படை 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம், குதிரை, மட்டக்குதிரை, கழுதை எல்லாம் அதில் வரும். ஏழு நாளில் யாரும் வராவிட்டால் அறிவிப்பு, அதன்பின் இன்னும் ஏழு நாள், பிறகு பொது ஏலம். ஏலத்தில் மலிவாக எடுப்பவர் யார்? சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருக்கும் அதே வசதியுள்ள இன்னொருவர். குதிரை மறுபடி ரோட்டுக்கு வர அதிக நாள் ஆகாது. 150 வருஷத்துக்கு முன் குதிரைக்கு வேலை இருந்த காலத்தில் எழுதிய சட்டம், ஏலம் என்பதைத் தீர்வாக நினைத்தது. இன்று அது சுற்றி வரும் வழி.

அடிபட்டுக் கிடக்கும் குதிரையின் நிலை இன்னும் மோசம். கால் எலும்பு நொறுங்கிய குதிரை பெரும்பாலும் பிழைக்காது, மற்ற மூன்று காலில் முழு எடையையும் தாங்கி நிற்க முடியாமல் அவையும் கெடும். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் சான்று கொடுத்து மாஜிஸ்திரேட் உத்தரவும் இருந்தால் வலியில்லாமல் முடித்துவைக்க வழி தருகிறது. இந்தப் பிரிவு இருப்பது தெரியாமல் "கொன்னா பாவம், கேஸ் ஆயிரும்" என்று வேடிக்கை பார்ப்பார்கள். குதிரை இரண்டு நாள் கிடந்து சாகும்.

மாற்றக்கூடியவை

பெரிய திட்டம் தேவையில்லை, இருப்பதையே ஒழுங்காகச் செய்தால் பாதி தீரும். அந்தியூர் போன்ற சந்தையில் கைமாறும் ஒவ்வொரு குதிரைக்கும் கழுத்தில் ஒரு மைக்ரோசிப் போட்டு, விற்றவர் வாங்கியவர் விவரத்தைப் பதிந்தால், ரோட்டில் பிடிபடும் குதிரை யாருடையது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மாட்டுக்குக் காதில் கம்மல் போட்டு எண் கொடுப்பது ஏற்கெனவே நடக்கிற காரியம்தான். பட்டி ஏலத்தில் கொட்டகையும் தீவனமும் காட்டாதவருக்குக் குதிரையைக் கொடுக்கக் கூடாது. அபராதம் தீவனச் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும், இது சட்டத் திருத்தம் இல்லாமல் நடக்காது. நொண்டலுக்கு நல்ல வைத்தியம் கிடைத்தால் சில குதிரைகளின் இறக்கமே தள்ளிப்போகும், அதற்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த ஆடிக்கு அந்தியூரில் குதிரை வாங்க நினைப்பவர் சந்தையிலேயே செய்யக்கூடியது மூன்று. தார் ரோட்டில் நடத்திப் பார்ப்பது முதலாவது. கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்பது இரண்டாவது. விலையைப் பேசி முடித்த பிறகு, அதே குதிரைக்கு ஒரு வருஷத் தீனியும் லாடமும் என்ன ஆகும் என்று அங்கேயே கணக்குப் போடுவது மூன்றாவது. மலிவாகக் கிடைத்த குதிரைக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் வாங்கிய விலையைத் தாண்டும்.